ஏழாம் கூப்பு கேட்

கீரிப்பாறை தாண்டி நாலாவது வளைவில்
பைக்கை நிறுத்தி
போனைத் தூக்கிப் பிடிக்கிறேன்.
ஏழு செயற்கைக்கோள். எட்டு. மறுபடியும் ஏழு.
ரப்பர் இலையுதிர்ந்து மானம் தெரியும் மாசியில்தான்
இந்த வேலை நடக்கும்.

புள்ளி வைத்தாயிற்று.
வகை: கேட்.
நெடுக்கே இரண்டு இரும்புக்குழாய், குறுக்கே ஒன்று,
சங்கிலி, கோழிமுட்டை அளவில் பூட்டு.
இதுவரை சிக்கல் இல்லை.
அடுத்த கட்டம் கேட்கிறது:
யார் போகலாம்?

எல்லாரும்.
யாரும் கூடாது.
தனியார்.
உரிமை இல்லை, ஆனால் தடுப்பதில்லை.
தெரியாது.
ஐந்தில் ஒன்றைத் தொட வேண்டும்.

காவல் பொன்னையனிடம் கேட்கிறேன்.
"யாரு போலாம்ணு கேட்டா என்னத்தச் சொல்ல மக்கா.
பால்வெட்டு ஆளுவ விடியாம நாலு மணிக்குப் போவும்.
தேனெடுக்க வாறவன விடுவேன்,
மானேஜர் இல்லாத அண்ணைக்கு."
ஆட்டோ?
"யாருக்க ஆட்டோ?"

போன மாசியில் 'தனியார்' என்று தொட்டுவிட்டு
வீட்டுக்குப் போய் மரச்சீனிக்கிழங்கு தின்றேன்.
பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது,
எழுதியிருந்ததை எழுதினேன்.
ஆவணியில் ஒரு ராத்திரி, நல்ல மழை,
மேல்லைனில் பிரேமலீலாவுக்கு வலி கண்டது.
நூற்றெட்டு வண்டிக்காரன் புதுசு, தக்கலைப் பக்கம்.
போன் காட்டிய வழியே போனான்.
என் ஒற்றைச் சொல்லைத் தொடாமல்
பதினோரு கிலோமீட்டர் சுற்றி வளைந்தது வழி.
வண்டிக்குள்ளேயே பிறந்தாள்.
நலம். இப்போது உட்காரப் பழகுகிறாள்,
பக்கவாட்டில் சாய்கிறாள்.
நலமில்லை என்றால்
இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கே 'எல்லாரும்' என்று மாற்றினேன்.
கைநடுக்கத்தில் இரண்டு தடவை தொட்டேன்.

ஐப்பசியில் வந்தார்கள்,
நாகர்கோவில் பதிவெண், கேரளப் பதிவெண்,
ஓடையில் குளிக்க ஆறு பைக், ஒரு ஜீப்.
வரைபடத்தில் வழி இருக்கிறது என்று
பொன்னையன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.
அவர் போனைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்,
திறந்துவிட்டார்.
மறுநாள் நாற்பது மரத்தில் ஒட்டுப்பால் காணோம்.
அவருக்குப் பாதிச் சம்பளம்.
கேட்டின் ஓரத்தில் குழாய் வளைந்து
பிள்ளைகளும் ஆடுகளும் நுழைய ஒரு சந்து இருந்தது,
அதை வெல்டிங் வைத்து அடைத்தார்கள்.
பள்ளிக்கூடத்துக்கு இப்போது ஓடைக்கரை சுற்றித்தான்.
கால் மணி நேரம் கூடுதல், அட்டைக்கடி தனி.
"ஒன்னக் குத்தம் சொல்லல மக்கா" என்றார்,
நான் கேட்காமலே.

ஆகவே இன்று
ஒரு சொல்லாய்த் தொடாமல் பிரித்துப் பிரித்து எழுதுகிறேன்:
நடப்பவர்க்குத் தடையில்லை.
பைக், கார், தனியார்.
அவசர ஊர்தி, எந்நேரமும்.
பால்வெட்டு நேரம், நாலு முதல் பதினொன்று.
பிள்ளைகளின் சந்தை அழித்தேன்,
ஓடைக்கரையை வரைந்தேன், புள்ளிக்கோடாய்.
தேன்காரனுக்குக் கட்டம் இல்லை.
மானேஜர் இல்லாத நாளுக்கும் இல்லை.

சேமித்துவிட்டு மேல்லைன் வரை நடந்தேன்.
திரும்பும்போது கேட் பூட்டிக் கிடந்தது.
பொன்னையனைக் காணோம்.
கூப்பிட்டேன். மரங்கொத்தி ஒன்று நிறுத்திவிட்டுத் தொடர்ந்தது.
போனில் என் கையால் எழுதிய
'நடப்பவர்க்குத் தடையில்லை',
எதிரே கோழிமுட்டை.
அந்தப் பக்கம் என் பைக்.
இருபது நிமிஷம் நின்றேன்.

சாயா குடித்து வந்தவர் சிரித்தார்.
"நடந்து போறவனுக்கு எதுக்குப் பூட்டுண்ணு கேப்ப.
பூட்டுக்கு அது தெரியாதுல்லா."
பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய்
கவிழ்த்த சிரட்டை ஒன்றை நிமிர்த்தினார்.
"இன்னொரு சாவி. அந்த வண்டிக்காரப் பயலுக்கும் காட்டிக் குடுத்தாச்சு.
நீயும் எடுத்துக்க,
கேட்டியா, திருப்பி வச்சிரணும்."

போன் கையில்தான் இருந்தது,
எட்டு செயற்கைக்கோளும் தெளிவாக.
பையில் போட்டேன்.
எந்த வரிசை, எத்தனாவது மரம் என்று
இதிலும் எழுதவில்லை.